கறுப்பு கிரானைட்

சென்னை வீட்டில் சமையல் மேடைக்குக் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் கல்தூளின் வாசனை வீடு முழுக்க. "அசல் பிளாக் கிரானைட் மேடம்," என்றார் மேஸ்திரி.

அப்பா கேட்டிருந்தால் சண்டைக்கே போயிருப்பார். எழுபதுகளில் ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தில், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பழம்பாறைகளை வகை பிரித்துப் பெயரிடுவதுதான் அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போனால்கூட விரலை எச்சிலில் தொட்டு, ஏதாவது வங்கிப் படிக்கட்டில் தேய்த்துக் குனிந்து பார்ப்பார்.

"ஐயோ, எல்லாரும் பாக்கறாங்க," என்று அம்மா சால்வைக்குள் சிரிப்பாள்.

"நனைச்சாத்தான் மணி மணியா தெரியும். இதப் போய் கிரானைட்டுங்கறான்! கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ் மணி இருந்தாத்தான் கிரானைட். எங்க இருக்கு, காட்டு!"

ஒரு குளிர்காலத்தில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அங்கேயே அடக்கம் செய்தோம். பனி கரைந்ததும் கல்லறைக்குக் கல் வாங்க அப்பா என்னையும் கூட்டிப்போனார். பட்டறை முற்றத்தில், மழையில் நனைந்து கரேலென்று ஒரு பலகை நின்றது.

"கிரானைட். இந்தியாவிலிருந்து வந்தது," என்றார் ஜெர்மன் கல்தச்சர்.

அதில் ஒரு குவார்ட்ஸ் மணிகூட இல்லை. எனக்கே தெரிந்தது. இதோ ஆரம்பிக்கப்போகிறார் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கல்லைத் தொடவே இல்லை.

"யா," என்று தலையாட்டினார். "கிரானைட்."

அம்மா இனி வரவே மாட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேஸ்திரி தண்ணீர் ஊற்றித் துடைத்துக் காட்டினார். "கிரானைட் பிடிச்சிருக்கா மேடம்?"

திருத்த எனக்கும் வாய் வரவில்லை.