பாங் மன்சிக் பரிமாறுகிறார்

பேரிக்காயை இரண்டு விரற்கடை மேற்கே நகர்த்திவிட்டுப் பாங் மன்சிக் தலையைச் சாய்த்துப் பார்த்தார். திருப்தியில்லை. இன்னும் ஒரு விரற்கடை. அந்தப் பேரிக்காய் அவருடையதல்ல. மேசையும் அவருடையதல்ல. அன்று திவசம் என் தகப்பனாருக்கு.

"சிவப்பு கிழக்க, வெள்ளை மேக்க. ஆப்பிள் அந்தப் பக்கம், தோல் சீவின பேரிக்காய் இந்தப் பக்கம். உங்கப்பா வந்து தடவித் தேடணுமா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். உயிரோடிருந்தபோது என் தகப்பனார், பேரிக்காயைப் பூட்டி வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அடுத்த வீட்டுக் காரியத்தில் மூக்கை நுழைப்பவனைப் பற்றி எங்கள் கொரியாவில் ஒரு பழமொழி உண்டு: 'ஊரான் படையலில் பனிச்சம்பழத்தை இங்கே வை, பேரிக்காயை அங்கே வை என்கிறான்.' மற்ற ஊர்களில் அது வெறும் பழமொழி. ஆன்தோங்கில், எங்கள் அடுக்ககத்தில், அது மூன்றாம் மாடியில் குடியிருக்கிறது.

மன்சிக்கின் தொழில், தரையைச் சூடாக்கும் கொதிகலனைப் பழுதுபார்ப்பது. சனவரிக் குளிரில் கொதிகலன் நின்றுபோனால் இவர் ஒருவர்தான் கூப்பிட்ட குரலுக்கு வருவார். ஆகவே பேரிக்காய் விஷயத்தில் அவரோடு யாரும் வாதாடுவதில்லை. திசை விஷயத்திலும் இல்லை. படையல் மேசைக்குப் பின்பக்கம் எதுவோ அதுதான் வடக்கு என்பது சாத்திரம். கட்டடக்காரன் வீட்டை எப்படித் திருப்பிக் கட்டியிருந்தாலும் சூரியன்தான் அனுசரித்துப்போக வேண்டும்.

அவரை யாரும் அழைப்பதில்லை. மீன் பொரியும் வாசனை போதும். கையைக் கழுவி, வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். மீன் கிழக்கே பார்க்கிறதா என்று குனிவார். குழம்பை மோந்து பார்ப்பார். பூண்டும் மிளகாயும் ஆவிகளுக்கு ஆகாது. அவையிரண்டும் இல்லாமல் எங்கள் ஊரில் உயிரோடிருப்பவர் எவரும் ஒரு வேளை உண்பதில்லை. பத்தியச் சாப்பாட்டுக்கென்றே சிலர் செத்துப்போகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

குற்றங்களிலெல்லாம் பெரிய குற்றம் பீச் பழம். அது பேயை விரட்டும். பேய் எது, பெற்ற தாய் எது என்று பிரித்துப் பார்க்காது. கீழ்த்தளத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் கும்சுன் அக்கா, மாமியார் திவசத்தன்று சமையலறையில் ஒரு பீச் டப்பாவை மறந்து வைத்துவிட்டார். அதைத் தெருமுனை வரை கொண்டுபோய்ப் போடச் செய்தார் மன்சிக்.

"மாமியா வராம போனா நல்லதுதானே அண்ணே?" என்றார் அக்கா.

அவருடைய மனைவி ஓக்புன் இந்தச் சாத்திரங்களில் ஒன்றையும் மதித்ததில்லை. கணவர் ஊர்த் திவசங்களை நடத்தப் போயிருக்கும் நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து பீச் பழம் தின்பார். சாறு முழங்கை வரை ஒழுகும். "செத்தவங்களுக்கு இந்த மனுசன் பரிமாறுற அழகப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு. இருக்கிறவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்ததில்ல" என்பார். போன ஆண்டு கோடையில் அவர் காலமானார்.

சென்ற மாதம் முதல் திவசம். அடுக்ககமே மூன்றாம் மாடிக்குத் திரண்டது. பாதி துக்கம், மீதி, அவருடைய பேரிக்காயை ஒரு தடவையாவது நகர்த்திவிட வேண்டும் என்ற நியாயமான ஆசை. மனிதர் அதற்கு இடமே வைக்கவில்லை. மீன் கிழக்கே பார்த்தது. பேரிக்காய் மேற்கே உட்கார்ந்திருந்தது. குழம்பில் ஒரு பல் பூண்டு இல்லை.

அப்போதுதான் சியோலிலிருந்து வந்திருந்த மகள் யூன்பி, பையிலிருந்து ஒரு பீச் பழத்தை எடுத்து மேசை நடுவில் வைத்தாள்.

"என்ன இது?"

"அம்மாவுக்குப் பிடிச்சது."

"எடு அத. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுவா."

"அம்மா எதுக்குப்பா பயந்தாங்க? உங்களுக்கே பயந்ததில்ல."

"உயிரோட இருக்கிறப்ப வேற, இப்ப வேற."

கும்சுன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "பீச் இல்லன்னா அவ எதுக்கு அண்ணே வரணும்? உங்க மூஞ்சியப் பாக்கவா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பழத்தை மேசையிலிருந்து எடுத்தார். வாசல் வரை கொண்டுபோனார். அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து, யாரிடம் என்றில்லாமல் கேட்டார்: "ஒரு வருசமாக் காத்திருக்கேன். இதனால வராம போயிட்டா?"

எங்களில் யாருக்கும் சிரிப்பு மிச்சமில்லை. "வருவாங்கப்பா" என்றாள் யூன்பி. எந்தச் சாத்திரத்தைக் கொண்டு சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கத்தியை வாங்கித் தாமே தோலை உரித்தார், துண்டு போட்டார். அடுத்த சிக்கல்: ஒரு கன்னம் சிவப்பு, ஒரு கன்னம் வெளுப்பு என்றிருந்த பழத்துக்குக் கிழக்கா, மேற்கா?

"இத எங்க வைக்கிறது?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அந்த வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கடைசியில் சோற்றுக் கிண்ணத்தை ஒட்டி, கைக்கெட்டும் இடத்தில் தட்டை வைத்து, சோற்றில் கரண்டியை நட்டு, உணவுக்குச்சிகளைப் பீச் துண்டுகளின் மேல் சாய்த்து வைத்தார்.

விருந்தாளி தனியாகச் சாப்பிட வேண்டும். ஆகவே எல்லாரும் கூடத்துக்கு வந்தோம், கதவைச் சாத்தினார். சிறிது நேரம் கழித்து, 'நாங்கள் வரலாமா' என்பதுபோல வீட்டுக்காரர் மூன்று முறை இருமிவிட்டுக் கதவைத் திறப்பது முறை. ஒன்பது கவளம் உண்ணும் நேரம் என்று கணக்கு. ஒன்பதும் ஆனது. அதைப்போல இன்னொரு மடங்கும் ஆனது. உள்ளே குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. கும்சுன் அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார்; நான் காலுறையைப் பார்த்துக்கொண்டேன்.

கதவிடுக்கு வழியே ஊதுவத்திப் புகை கசிந்து வந்து நேராக மன்சிக்கின் மூக்கில் ஏறியது. அவருக்கு இருமல் முட்டியது. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அவர் இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.