சித்தியின் காந்தம்

என் சித்தியின் வேலை குடையை நனைப்பது. இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். குடை செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தைத்து முடித்த குடைகளைச் சோதிப்பதற்கென்று ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. கூரை முழுக்கக் குழாய்கள். திருகினால் மழை. சித்தி ரப்பர் செருப்பும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொரு குடையாக விரித்துப் பிடித்து நிற்பாள். துணியின் உட்பக்கம் ஒரு சொட்டு அரும்பினாலும் அந்தக் குடை கழிவுக் கூடைக்குப் போய்விடும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். சித்திக்கு மட்டும் வருடம் முழுக்க மழைதான்.

"குடை பிடிக்கிறவங்களுக்கு எதுக்கு சித்தி மழைக்கோட்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"குடையை நம்பினா இந்த வேலையைச் செய்ய முடியாதுடி" என்றாள்.

பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நான் சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், அவள் எதையுமே நம்புவதில்லை என்று தெரிந்தது. பல்பு வாங்கினால் கடையிலேயே எரியவிட்டு, சூடேறும்வரை நிற்பாள். தலையணை வாங்கப் போனவள் கடையிலேயே படுத்துப் பார்த்து, நிஜமாகவே தூங்கிப்போய், கடைக்காரர் ஷட்டரை இறக்கும்போதுதான் எழுந்தாள். புதுப் பூட்டு வாங்கிய அன்று என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "எப்படியாவது வெளியே வா பார்க்கலாம்" என்றாள். நான் ஜன்னல் வழியாக வந்து நின்றேன். பூட்டு நல்ல பூட்டுதான் என்று முடிவு செய்து, ஜன்னலை மாற்றினாள்.

சித்தப்பா இதற்கு நேர்மாறு. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். காலையிலிருந்து மாலைவரை, வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றுவதே அவர் பிழைப்பு. அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. வீட்டிலும் பதற்றம் வந்தால் அவர் கால் தானாகத் தரையை மிதிக்கும். சித்தி குரலை உயர்த்தும்போதெல்லாம் சித்தப்பா பிரேக் போட்டுக்கொண்டிருப்பார். வண்டி ஒருநாளும் நின்றதில்லை.

கல்யாணத்துக்கு முன்பு சித்தப்பாவையும் சித்தி சோதித்திருக்கிறாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடந்து போகும்போது, சித்தி சட்டென்று நின்றுவிட்டாளாம். தான் நின்றது அவருக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான். அவர் பேசிக்கொண்டே தெருக்கோடிவரை போய்விட்டார்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் என்ன? நான்தான் ஓடிப்போய்ச் சேர்ந்துக்கிட்டேன்."

தங்கத்தைச் சோதிக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், தொழிற்சாலைக் காந்தம்தான் காரணம். தரையில் சிந்தும் குடைக்கம்பித் துண்டுகளைப் பொறுக்குவதற்கு அங்கே உள்ளங்கை அகலத்தில் காந்தம் வைத்திருப்பார்கள். மூலை உடைந்த ஒன்றைத் தூக்கிப் போடப் போனபோது சித்தி கேட்டு வாங்கி வந்தாள். அதை வைத்து வீட்டில் எதை எதையோ சோதித்து அலுத்துப்போய், கடைசியில் நகைகளுக்கு வந்தாள். தங்கம் காந்தத்தில் ஒட்டாது. தண்ணீரில் போட்டால் மிதக்காமல் நேராக அடியில் போய் உட்காரும். வினிகர் விட்டால் நிறம் மாறாது. டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கத்தில் தேய்த்தால் மஞ்சள் கோடு விழும், கறுப்புக் கோடு விழுந்தால் போச்சு. இதையெல்லாம் எங்கிருந்தோ கேட்டுத் தெரிந்துகொண்டாள். குடியிருப்பில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக மோதிரமும் கம்மலும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். எங்கள் சமையலறை ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. வெளியே நிற்பவர்கள், உள்ளே போனவர்களின் முகத்தைப் பார்த்து முடிவைத் தெரிந்துகொள்வார்கள்.

மாடி வீட்டுத் தையல்கார அக்காவும் அப்படித்தான் ஒருநாள் வந்தாள். கழுத்தில் கிடந்த கனமான சங்கிலியைக் கழற்றி, "எங்க அண்ணன் வாங்கிக் குடுத்ததுக்கா. சும்மா பாருங்களேன்" என்றாள். சித்தி காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். கொக்கி துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டது. மற்ற சோதனைகளுக்குப் போகவே இல்லை. காந்தம் பிடித்துவிட்டால் சித்திக்கு அத்தோடு முடிந்தது.

"கவரிங்தான்மா. மனசைத் தேத்திக்கோ."

அக்கா அன்றே அண்ணனுக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டாள். அதன்பிறகு அண்ணனும் தங்கையும் பேசவில்லை. சங்கிலியை என்ன செய்வது? அவள் வீட்டுக் கழிவறையில், உயரத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்த பழைய ஏற்பாடு. இழுக்கிற சங்கிலி அறுந்துபோயிருந்தது. அந்த இடத்தில் அண்ணன் கொடுத்ததை மாட்டிவிட்டாள். "இதாவது உபயோகப்படட்டும்" என்றாள். துணி தைக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரு வருடமாக அதைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் சித்தி ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள். விடுமுறை நாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போய் வாங்கியவள், அங்கேயே நின்று தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். டர்ரென்று பிரிந்துவிட்டது.

"நூல் சரியில்லையே" என்றாள் சித்தி.

அக்காவுக்கு வந்ததே கோபம். "இந்த இழுப்பு இழுத்தா சாக்குப் பையே கிழியும்கா! ஊர்ல இருக்கிற எல்லாத்தையும் சோதிச்சுப் பார்க்கிறீங்களே, உங்க கழுத்துல கிடக்கிறதை என்னைக்காவது சோதிச்சீங்களா?"

"இது எதுக்கு? இது அவரு கல்யாணத்துக்கு வாங்கிப் போட்டது."

"என்னோடதும் எங்க அண்ணன் வாங்கிப் போட்டதுதான்."

சித்தி விறுவிறுவென்று படியிறங்கி வந்தாள். அப்படி அவள் வந்து நான் பார்த்ததில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் எல்லாச் சாமான்களையும் மேஜைமேல் பரப்பினாள். சித்தப்பாவைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள்.

"இப்ப எதுக்கு இது?" என்றார் சித்தப்பா.

"மத்தவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

வழக்கமாக முதலில் வருவது காந்தம். அன்று அது மேஜையின் ஓரத்துக்குப் போய்விட்டது. முதலில் தண்ணீர். சங்கிலி அடியில் போய் உட்கார்ந்தது. வினிகர் விட்டுக் காத்திருந்தோம். நிறம் மாறவில்லை. டைல்ஸில் தேய்த்தாள். நல்ல மஞ்சள் கோடு. சித்தப்பா மூச்சு விட்டார். "போதும்ல?" என்றார். சித்திக்கும் போதும் என்றுதான் இருந்திருக்கும். ஆனால் கை காந்தத்துக்குப் போய்விட்டது.

டிக் என்றது.

"என்ன ஒட்டிக்கிச்சு?" என்று எட்டிப் பார்த்தார் சித்தப்பா.

"உங்க பொய்."

"கடையில நின்னு, நல்லாப் பார்த்துத்தான் வாங்கினேன்."

"நீங்க பார்த்தீங்க! நான் நடுத்தெருவுல நின்னதே உங்களுக்குத் தெரியலை, தங்கம் தெரிஞ்சிடுமா?"

சித்தப்பாவின் கால் தரையை அழுத்தி மிதித்தது. "இங்க பாரு. யாருன்னே தெரியாதவன் வண்டியை ஓட்டுறான், நான் பக்கத்துல உட்கார்ந்து தினமும் உயிரை அவன்கிட்ட குடுக்கிறேன். நீ கட்டின புருஷனை நம்ப மாட்டேங்கிற. ஒரு காந்தத்தை நம்புற."

"காந்தம் பொய் சொல்லாதுங்க."

"அப்போ நான் சொல்லுவேன்?"

சித்தப்பா எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இத்தனை வருடத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கோபப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. திரைச்சீலையைச் சரி செய்தார்.

"சித்தி, கொக்கியில மட்டும்தானே ஒட்டுது?" என்றேன்.

"திருடன் வாசல்ல நின்னா திருடன் இல்லையா? உள்ள என்ன இருக்குன்னு பார்த்துடறேன்." குறடை எடுத்துக் கொக்கியை நசுக்கினாள். கொக்கி பிளந்தது. அதற்குள்ளிருந்து ஏதோ ஒன்று தெறித்துப் பறந்துபோய்க் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தோம். எறும்பின் கால் அளவுக்கு ஒரு ஸ்பிரிங். கொக்கியைத் திறந்தால் திரும்ப மூடிக்கொள்ளும்படி செய்கிற எஃகு ஸ்பிரிங்.

சித்தி காந்தத்தை உடைந்த கொக்கிக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஒட்டவில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகத் தடவினாள். சங்கிலி தூங்குகிற மாதிரி கிடந்தது.

"தங்கம்தான்" என்றாள். சித்தப்பா திரும்பவில்லை. அடுத்த நொடி சித்தி நெஞ்சில் கை வைத்தாள். "ஐயையோ! மாடி வீட்டுக்காரி!"

கையில் காந்தத்தோடு படியில் ஓடினாள். பின்னால் நான். எனக்குப் பின்னால், கோபம் மாறாத முகத்தோடு சித்தப்பா. தையல்கார அக்கா மெஷினில் இருந்தாள். சித்தி அவளைத் தாண்டிக் கழிவறைக் கதவுக்கே போய்விட்டாள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அளவு கொடுக்க வந்த அம்மா ஒருத்தர் உள்ளே போயிருந்தார்.

"இழுக்காதீங்க!" என்று சித்தி கதவைத் தட்டினாள்.

உள்ளிருந்து, "யாருங்க அது?" என்று குரல் வந்தது.

"சங்கிலியை இழுக்காதீங்க! அப்படியே விட்டுட்டு வாங்க!"

"எப்படிங்க அப்படியே விட்டுட்டு வர்றது?"

"நாங்க பார்த்துக்கிறோம்!"

அந்த அம்மா கதவைத் திறந்தபோது, வெளியே நான்கு பேர் வரிசையாக நின்றோம். யார் முகத்தையும் பார்க்காமல் அவர் நடந்துபோய்விட்டார். அளவு கொடுக்கத் திரும்ப வரவே இல்லை.

சித்தி வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறிச் சங்கிலியை எடுத்தாள். தொட்டி கசிந்து கசிந்து, ஒரு வருடமாக அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது மாட்டியிருந்த இரும்புக் கை துருப்பிடித்துப்போயிருந்தது. சங்கிலியில் ஒரு கறை இல்லை. காந்தம் கொக்கியை மட்டும் பிடித்தது, மற்றதைச் சீண்டவில்லை.

"ஒரு வருஷம் மழையில நின்னிருக்கு" என்றாள் சித்தி. "இதைவிட ஒரு சோதனை இருக்காதும்மா. தப்பு என்னோடது."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சித்தியைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் போனைத் தேடினாள். "அண்ணே, நான்தான்... அது தங்கம்தாண்ணே" என்றாள். அப்புறம் வெகுநேரம் அந்தப் பக்கம்தான் பேசியது. இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

போனை வைத்ததும், "என்ன சொன்னாரு?" என்று சித்தி பயந்துகொண்டே கேட்டாள்.

"அதான் எனக்குத் தெரியுமேன்னாரு. சங்கிலியை எங்க வச்சிருக்கேன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"தினமும் கையில புழங்குறேன்னு சொன்னேன்."

கீழே வந்ததும் சித்தி சித்தப்பாவின் முன்னால் போய் நின்றாள். "சரிங்க. இனிமே நீங்க சொன்னா நம்புறேன். கொக்கியைச் சரி பண்ணிப் போட்டுக்கிறேன்" என்றாள். அவள் வாயிலிருந்து நம்புகிறேன் என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

"வேண்டாம்" என்றார் சித்தப்பா. "அவங்க சங்கிலி ஒரு வருஷம் நின்னுச்சுல்ல? என்னோடதும் நிக்கட்டும்."

உடைந்த குடைக்கம்பி ஒன்றை வளைத்து, சங்கிலியை அதில் கோத்து, எங்கள் வீட்டுக் கழிவறைத் தொட்டியில், இழுக்கிற கயிற்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டிவிட்டு வந்தார். எங்கள் வீட்டிலும் அதே உயரத் தொட்டிதான். சித்தி கெஞ்சிப் பார்த்தாள், அழுதுகூடப் பார்த்தாள். "நம்புறேன்னு சொல்றேன்ல?" என்றாள். "நம்ப வேண்டாம். சோதி" என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பிவிட்டார்.

அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது. சித்தப்பா தினமும் காலையில் மணி அடிக்கிற மாதிரி இழுக்கிறார். நான் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுக்கிறேன், அதற்கே வெளியிலிருந்து, "அறுத்துடாதடி!" என்று குரல் வருகிறது. சித்தி அதைத் தொடுவதே இல்லை. வாளி நிறையத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாள்.