மேடம் வைத்த பொட்டு

மாத்தளையில் நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில், எங்கள் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். அவருக்குக் கோபம் வந்தால் நுணுக்குக்காட்டிகூட நடுங்கும். அந்த வாரம் அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் உங்க பெப்டைட் உள்ள போகலன்னா, இதோட மூடிருவோம்." வருடக்கணக்கான என் உழைப்பு அது.

பெப்டைட் என்பது புரதத்தின் சின்ன உறவுக்காரன். அது உயிருள்ள கலத்துக்குள், அதாவது செல்லுக்குள், நுழைகிறதா, இல்லை வெளியே ஒட்டிக்கொண்டு நம்மை ஏமாற்றுகிறதா என்று அளப்பதுதான் என் வேலை. கலத்துக்குள்ளே ஒளிரும் புரதம் ஒன்றை, ஒரு துண்டு குறைத்து வைத்திருப்போம். பற்றரி இல்லாத டோர்ச் மாதிரி. அந்தத் துண்டை என் பெப்டைட் சுமந்துபோக வேண்டும். உள்ளே போய்ச் சேர்ந்தால் மட்டும் பச்சை எரியும்.

அன்று எரிந்தது. பெப்டைட் போடாத கலங்களும் சேர்ந்து எரிந்தன. அப்படி எரிந்தால் பரிசோதனைக்கு அர்த்தமே இல்லை. மேடம் உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

திரவம் அளந்து விடும் பிப்பெட்டை எரிச்சலோடு எடுத்தேன். அதன் மூக்கில் மஞ்சள் பொட்டு. முந்தின நாள் சரஸ்வதி பூசை. மேடமே மஞ்சள் குழைத்து, ஒரு கருவி விடாமல் பக்தியோடு பொட்டு வைத்திருந்தார். கலங்களைப் பார்க்கும் அதே நீல ஒளியில் பிடித்தேன். பொட்டு பச்சையாகச் சிரித்தது; அந்த மஞ்சள்தான் உதிர்ந்து எல்லாக் கலங்களிலும் கலந்திருந்தது. மஞ்சள் விளையும் ஊரில் பிறந்த எனக்கா இந்தக் கதி!

கூட வேலை செய்த அக்காவிடம் காட்டினேன். நீயே போய்ச் சொல்லு என்று அவசரமாகத் தேநீர் குடிக்கக் கிளம்பிவிட்டார்.

"மேடம், எரிஞ்சது பெப்டைட் இல்ல. நீங்க வச்ச பொட்டு," என்றேன்.

என்னைப் பார்த்தார். பிப்பெட்டைப் பார்த்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவரோ சாமியிடம் மன்னிப்புக் கேட்டு முணுமுணுத்தபடி, ஸ்பிரிட் தொட்டுத் தானே துடைத்தார்.

புதுக் கலங்களில் மறுபடி செய்தோம். பெப்டைட் போடாதவை கறுப்பாகவே கிடந்தன. போட்டவற்றைப் பார்க்க மேடம் குனிந்தார், வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

மங்கலான பச்சை. கலத்துக்கு உள்ளே. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"தள்ளி நின்னு அழுங்கம்மா," என்றார் மேடம். "லென்ஸ் நனைஞ்சிரும்."