அப்பா அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த வீடு

பாம்புக்குப் பயப்படாத அப்பா கோர்ட்டுக்குப் பயந்தார். எங்கள் பூர்வீக ஊரான கௌதள்ளியில் தாத்தா எழுதி வைத்த உயிலில் இருந்த கைநாட்டே பொய் என்று பெரியப்பா வழக்குப் போட்டார். வழக்கு முடிவதற்குள் அண்ணன் தம்பி பேச்சு முடிந்துபோனது. அப்பாவுக்கு நிலம் கிடைத்தது, பண்டிகைக்குப் போய் உட்கார ஒரு வீடு இல்லாமல் போயிற்று. சாப்பிடும்போது யாராவது "கோர்ட்டு கச்சேரி" என்றால் பாதியில் கை கழுவிவிடுவார்.

அதனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், தான் செத்த பிறகு நடக்க வேண்டியதையெல்லாம் ஒழுங்கு செய்ய ஆரம்பித்தார். பேங்க் கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்தார், இருவரில் யார் மிஞ்சினாலும் எடுத்துக்கொள்ளலாம். பாக்கி இருந்தது அப்பாவும் அம்மாவும் கட்டிக் குடியிருந்த விஜயநகர் வீடு. உயில் பேச்சே கூடாது, உயிரோடு இருக்கும்போதே அண்ணனுக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் வீடு மகனுக்கு, நகை மகளுக்கு. எனக்கு நகை போட்டு அதே ஊரில் கல்யாணமும் செய்து கொடுத்தாயிற்று. மனதுக்குள் முணுமுணுப்பு இருந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் என் வழக்கத்துக்கு விரோதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரிலிருந்து அண்ணன் வந்திருந்தபோது அப்பா இதைச் சொன்னார். அம்மா தரையில் உட்கார்ந்து ஊறிய அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்குங்க?" என்றாள்.

"உனக்கென்ன புள்ள, கடைசி வரைக்கும் பையன் ஊட்டுல ராணியாட்டம் இருக்கப்போற."

"இப்ப நான் என் ஊட்டுல இருக்கறனுங்க. எதுக்குங்க பையன் ஊட்டுக்குப் போகோணும்?"

"எங்க போற? இதே ஊடுதான?"

"இதேதானுங்க. அதத்தான் கேக்கறன்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன, உன்ன வெரட்டிடுவனாம்மா?"

"நீ வெரட்டமாட்ட சாமி. அதுக்காக, வெரட்டமாட்டான் வெரட்டமாட்டான்னு நெனச்சுட்டே நான் ஒரு ஊட்டுல இருக்கோணுமா?"

எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. அந்தச் சுவர்கள் எழும்பியபோது காலையும் மாலையும் தண்ணீர் விட்டு நனைத்தது அம்மாதான். ஆனால் வீடு யாருடையது என்று அதுவரை அவள் வாய் திறந்ததில்லை.

அப்பா கொஞ்ச நாள் உர்ரென்று இருந்தார். பிறகு பத்திரம் எழுதுபவரிடம் போய் யோசனை கேட்டுக்கொண்டு வந்தார். பத்திரம் மகன் பெயரில் இருக்கட்டும், மனைவிக்கு ஆயுள் வரை அங்கேயே இருக்க உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்பது அவருடைய யோசனை. "இருக்கறதுக்கு வாடகைக்காரனுக்குந்தான் உரிமை இருக்குதுங்க" என்று அம்மா ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள்.

கடைசியில் அப்பா வீட்டை முழுதாக அம்மாவுக்கே எழுதிக் கொடுத்தார். தான் போன பிறகு அம்மா எங்கள் இருவருக்கும் சரிபாதியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அப்பா வயதில் மூத்தவர், சர்க்கரை வியாதிக்காரர். அம்மா தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவள். முதலில் போவது யார் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

பதிவு அலுவலகத்துக்கு அம்மா கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் ராஜ்ஜியம்தான். "என் ஊட்டுச் சொவத்துல ஆணி அடிக்கறதுன்னா கேட்டுட்டு அடிங்க" என்பாள். அப்பா வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் கேட் அருகே நின்று, "ஓனரம்மா, உள்ள வரலாமுங்களா?" என்று குரல் கொடுப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இப்படி விளையாடி நான் பார்த்ததில்லை. பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அண்ணன் மெதுவாகப் பேச்செடுத்தான். அம்மா எதுவும் எழுதி வைக்காததால் வீடு இப்போது அப்பா, அவன், நான் மூவருக்கும் பொது. தாலுக்கா ஆபீஸில் வம்சவிருட்சம், அதாவது குடும்பத்தில் யார் யார் என்ற சான்று, வாங்கி வீட்டு வரிக் கணக்கை மூவர் பெயருக்கும் மாற்றிவிட்டால் பின்னால் தொல்லை இல்லை. எனக்கும் அவனுக்கும் இதில் துளி மனத்தாங்கல் கிடையாது. மனுவில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

"சும்னே, சும்மா ஒரு கையெழுத்துதானப்பா" என்று அண்ணன் பேனாவை நீட்டினான். அப்பா வாங்கவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்றார். அடுத்த முறை வந்தபோதும் அதையே சொன்னார். அதற்கடுத்த முறையும் அப்படியே சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்கப்பா, ஆயுசு பூரா கோர்ட்டு வேண்டாம் கோர்ட்டு வேண்டாம்னு சொல்லிட்டு, இப்ப எங்களக் கோர்ட்டுல நிறுத்திட்டுப் போகப்போறீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"நிக்கறதுன்னா நில்லுங்க அம்முணி" என்றார். "அவ ஊட்டுல இருக்கறன்னு நெனச்சுட்டுத்தான் நான் இருக்கறன். அதுல இருந்து அவ பேர எடுக்க என் கையெழுத்தக் கேக்காதீங்க."

அண்ணன் பேனாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அப்பா இருந்தவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.