நாற்காலியில் குடை, பிரவீன் ஃபீல்டில்

ஒரு புதன்கிழமை காலை 11.20க்கு மேசைமேல் இருந்த லேப்டாப்பில் ஓர் அம்மாள் தோன்றி, "நீங்க யாரு?" என்று என்னைக் கேட்டார். அது என் லேப்டாப் இல்லை. நேரம் டைரியில் இருக்கிறது.

கொச்சியில், மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் ஒரு ஹோம்ஸ்டேயை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் முப்பத்தோரு ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். புதிதாக ஹோம்ஸ்டே வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. குப்பிகள்

லேப்டாப்புக்கு உரியவர் பிரவீன். கோயம்புத்தூர்க்காரர், வயது இருபத்தெட்டு. சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. ஆனால் அலுவலகம் போக வேண்டாம். மாதத்துக்கு ஓர் ஊர். ஒரு பையில் துணி, இன்னொரு பையில் சத்துக் குப்பிகள் பதினான்கு. மேசையில் வரிசையாக வைத்தபோது எண்ணினேன்.

எங்கள் சமையல்காரி ஆமினாத்தா ஒரு குப்பியை மோந்து பார்த்தார்.

"இது எந்தா மோனே, மத்தி வாசம்?"

"ஒமேகா த்ரீங்க. மீன் எண்ணெய். மூளைக்கு நல்லதுங்க."

"வாசல்ல மத்தி கூவிட்டுப் போகுது. அதை விட்டுட்டு குப்பியில வாங்கித் தின்னுதியா? உனக்கு மூளைக்கு மருந்து வேணும்தான்."

பிரவீன் கோபப்படவில்லை. "நம்ம கையில இருக்கறது, இல்லாதது, ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணுங்க. நீங்க பேசறது என் கையில இல்லீங்க" என்று சிரித்தார். இந்தப் பழைய கிரேக்கத் தத்துவத்தை நான் மொழிபெயர்ப்பில் இரண்டு முறை படித்திருக்கிறேன். அதைச் சொன்னவர்கள் காலத்தில் மேலதிகாரி திரையில் வந்து நிற்கிற வழக்கம் இல்லை.

2. பச்சைப் புள்ளி

அந்தப் புதன்கிழமை, பக்கத்துக் காயலோர ஊரான கும்பளங்கிக்குப் போய், மன அமைதி பற்றி ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்றார் பிரவீன். அன்று அவருக்கு டிஜிட்டல் விரதமும் கூட. ஃபோனில் கேமரா மட்டும், சிம் கிடையாது.

"வேலை நாளாச்சே சாரே?"

"அதுக்குத்தான் அண்ணா உங்ககிட்ட வந்தேன். ஸ்கிரீன்ல என் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி இருக்குதுங்களா? மௌஸ் அசையலைன்னா மஞ்சளாயிரும். நான் சீட்ல இல்லைன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சுரும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா லேசா ஆட்டி விடுங்க. அவ்வளவுதான்."

எனக்கு இது புதிதல்ல. எங்கள் அலுவலகத்தில் வெளியே போகிறவர் நாற்காலியில் குடையை மாட்டிவிட்டுப் போவார். குடை இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. யாராவது கேட்டால் பக்கத்து சீட்காரர், "சார் ஃபீல்டுக்குப் போயிருக்காரு" என்பார். நானே பலருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

பிரவீன் போனதும், கை தானாக என் குடையை அவர் நாற்காலியில் மாட்டியது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மௌஸ், அதற்கு ஒரு டிக். பதினாறாவது டிக் போடும்போது லேப்டாப் மணி அடித்தது. அடிக்கிற மணியை மூன்றாவது அடிக்குள் எடுக்க வேண்டும் என்பது பழைய பழக்கம். எடுத்தேன்.

3. இரண்டு மேனேஜர்கள்

"நீங்க யாரு?"

"நான் இங்க மேனேஜர், மேடம்."

"பிரவீனுக்கு மேனேஜர் நான்தான். அவன் எங்கே?"

யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது: "சார் ஃபீல்டுக்குப் போயிருக்காரு மேடம். குடை இங்கதான் இருக்கு."

அந்த அம்மாள் குடையைப் பார்த்தார், குப்பிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க கம்பெனியில ஃபீல்டே கிடையாதே. வேற எங்கயாவது வேலை பார்க்கிறானா? மருந்து விக்கிறானா? நீங்க அந்தக் கம்பெனி மேனேஜரா?"

"ஐயோ, இல்ல மேடம். இது மட்டாஞ்சேரி, ஹோம்ஸ்டே."

"கோயம்புத்தூர் வீட்ல இருக்கேன்னு எழுதிக் கொடுத்திருக்கான்!" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மத்தியானம் ஒரு மணிக்குள்ள அவனே லைன்ல வரணும். ரெண்டு வேலை பார்க்கிறவனை நான் வச்சுக்க மாட்டேன்."

பிரவீனின் வேலை போனால் என் நாக்கால்தான் போகும். ஸ்கூட்டரை எடுத்தேன்.

4. கும்பளங்கி

12.02. மீன் கெட்டு, அதாவது மீன் வளர்க்கிற குளத்தின் வரப்பில் ஃபோனை நிறுத்திவைத்து, பிரவீன் சம்மணமிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"…நாளைக்கே என் வேலை போகட்டும். ஒரு முடிகூட அசையாதுங்க. ஏன்னா…"

"சாரே! வேலை இன்னிக்கே போகுது கேட்டோ!"

அவர் எழுந்த வேகத்தில் ஒரு கால் வரப்பிலும் மறு கால் சேற்றிலுமாக நின்று, அடுத்த நொடி இரண்டும் சேற்றில் போய், இடுப்புவரை இறங்கினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம், "எதுக்கு அண்ணா ஃபீல்டுன்னு சொன்னீங்க? பாத்ரூம் போயிருக்கேன்னு சொல்லியிருக்கலாமே!" என்று என் காதுக்குள் கத்தினார். அது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் அலுவலகத்தில் அதற்கும் ஃபீல்டு என்றுதான் சொல்வோம்.

12.47க்கு லேப்டாப் முன் உட்கார்ந்தார். குடையை எடுக்க நேரமில்லை.

"மேடம், வேற வேலை எதுவும் இல்லீங்க. ஊர் ஊராப் போயிட்டு வீட்ல இருக்கேன்னு பொய் சொன்னேங்க. இன்னிக்கு மன அமைதி வீடியோ எடுக்கப் போனேங்க."

"எடுத்ததைக் காட்டு."

காட்டினார். என் குரலும் அவர் விழுந்ததும் எல்லாம் அதில் இருந்தது. அந்த அம்மாள் மூன்று முறை போட்டுப் பார்த்தார். கடைசித் தடவை வாயைப் பொத்திக்கொண்டார்.

"திங்கட்கிழமையிலிருந்து தினமும் சென்னை ஆபீசுக்கு வரணும். முதல்ல போய்க் குளி."

வேலை பிழைத்தது. மாதத்துக்கு ஓர் ஊர் போயிற்று. வெள்ளிக்கிழமை பிரவீன் கிளம்பும்போது மீன் எண்ணெய்க் குப்பியை எனக்குத் தந்தார். ஆமினாத்தா ஒரு பொதி மத்தி வறுவலை அவர் பையில் திணித்தார். "இதுக்கு மூடி திறக்க வேண்டாம்" என்றார்.

5. நான் கற்றது

ஃபீல்டு என்று நான் அதற்கு முன்னும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. காரணம் அன்றுதான் புரிந்தது. எங்கள் அலுவலகத்தில் அதைச் சொல்கிறவரும் நம்பவில்லை, கேட்கிறவரும் நம்பவில்லை. "சரி, நாளைக்கு வர்றேன்" என்று போய்விடுவார்கள். சென்னை அம்மாள் அதை நம்பிவிட்டார். நம்பியதால்தான் வேலை போகப் பார்த்தது.

இப்போது தெரு முக்கில் சாயா குடிக்கப் போனாலும், வெயிலடித்தாலும், குடையைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.