சவுனாவில் எடுத்த முடிவு

தொழில்முனைவைப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுக்க முடியும் என்று நம்புகிறீர்களா? நம்பினால் சொல்லுங்கள், எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில்? சைமி மொய்லனென் அதைக் கற்றுக்கொண்டது பாடத்திட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு சனிக்கிழமை மாலையில்.

சைமிக்கு ஊர் கூமோ, பின்லாந்தின் கிழக்கு எல்லையோரம். அம்மா ஐலா நகராட்சியின் சரளை லாரியை ஓட்டுகிறவள். குளிர்காலத்தில் தெருப்பனி இறுகிக் கண்ணாடியாகிவிடும். நடப்பவர்கள் விழாமலிருக்க அதன்மேல் சரளை கொட்டியாக வேண்டும். ஆனால் அந்த ஊர் வயதான பெண்கள் கடைக்கும் மருந்தகத்துக்கும் போவது உதைவண்டியில். முன்னால் சாமான் வைக்க ஒரு நாற்காலி, அடியில் இரண்டு நீள இரும்புப் பட்டைகள். பின்னால் நின்று ஒரு காலால் உதைத்தால் பனியில் வழுக்கிக்கொண்டு போகும். சரளையில் போகாது, கிரீச்சிட்டு நின்றுவிடும்.

லாரியைக் கண்டாலே திட்டு விழும். "எங்க வழியக் கெடுக்கவே பொறந்தியா ஐலா?"

அம்மா கண்ணாடியை இறக்குவாள். "கொட்டலேன்னா இடுப்பு ஒடஞ்சுதுன்னு கேஸ் போடுவீங்க. கொட்டினா என்னத் திட்டுவீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்!"

இரண்டு பக்கமும் சொல்வது சரி என்பதுதான் சைமியைக் குடைந்தது. போகிற போக்கிலேயே காலால் ஒரு மிதி மிதித்தால் சக்கரங்கள் கீழே இறங்கி, வண்டி சரளையைத் தாண்டிவிட வேண்டும் என்று யோசித்தாள். இயந்திரப் பொறியியல் படித்தாள். பழைய குழந்தைவண்டிச் சக்கரங்களை வைத்து முதல் மாதிரியைச் செய்தாள். அதைத் தூக்கிக்கொண்டுதான் புத்தாக்கமும் தொழில்முனைவும் என்ற மேற்படிப்புக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தின் பெயர் எதற்கு? எல்லா இடத்திலும் இருக்கிற கதைதான்.

அங்கே நான்கு பேர் ஒரு குழு. சைமியின் குழுவில் வணிகம் படித்த ரிக்கு, வடிவமைப்பு படித்த ஒன்னி, கணக்கியல் படித்த பிரித்தா. வழிகாட்டி ஹன்னு. ஒரு கம்பெனியை நடத்தி விற்றவர், அறைக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்றாதவர். படிப்பின் கடைசியில் நடுவர்கள் முன்னால் பேச வேண்டும். ஜெயிக்கும் குழுவுக்கு ஒரு வருடம் தனி அறையும் பட்டறையும் கிடைக்கும்.

நடுவர்களைச் சந்திக்க வேண்டியது திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை துறைக்குச் சொந்தமான ஏரிக்கரை மரவீட்டில் கூடினார்கள். உதைவண்டியை விட்டுவிட்டு, எந்தத் தெருவில் சரளை கொட்டியிருக்கிறது என்று காட்டும் ஒரு ஆப் செய்யலாம் என்றான் ரிக்கு. முடியாது என்றாள் சைமி. மதியம் முழுக்க வாதம். கடைசியில் ஹன்னு, "சாப்ட்டுட்டுப் பேசலாம், மொதல்ல சவுனா" என்றார். சூடேற்றிய கற்களில் தண்ணீர் ஊற்றி, துணியில்லாமல் பலகையில் உட்கார்ந்து ஆவியில் வேகும் குளியலறைதான் சவுனா; மரவீட்டுக்கு வெளியே தனியாக நின்றது. வழக்கம்போல ஆண்கள் முறை முதலில், பெண்கள் முறை அப்புறம். பெண்கள் இருவரும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆண்கள் மூவரும் சிவக்கச் சிவக்க வெந்து, இடுப்புத் துண்டோடு வந்தார்கள். ரிக்கு ஒரு சாசேஜை எடுத்துக் கடுகுச் சாந்தில் தோய்த்தான்.

"எல்லாம் முடிஞ்சது. ஆப்தான். திங்கக்கிழம நான் பேசறேன். நீ தொழில்நுட்பத்தப் பாத்துக்க சைமி."

"எப்ப முடிஞ்சது?"

"இப்பத்தான், உள்ள."

"அப்ப நாங்க எங்க இருந்தோம்?"

ரிக்கு உருளைக்கிழங்கைப் பார்த்தான். ஹன்னு சிரித்தார். "பேச்சுவாக்குல வந்துச்சும்மா. சவுனாவுல மனசு தன்னால தொறந்துக்கும். இதுல போய் ஆம்பள பொம்பளன்னு பாக்காத. சட்டுனு முடிவெடுக்கறவன்தான் இந்தத் தொழில்ல நிப்பான்."

சொல்லிவிட்டு மூவரும் சவுனாவில் இன்னொரு சுற்றுக்குப் போய்விட்டார்கள்.

ஐரோப்பாவிலேயே பெண்களுக்கு முதலில் வாக்குரிமை கொடுத்த நாடு இது. பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையோடு சொல்லிக்கொடுக்கிறோம். வாக்குப்பெட்டியைக் கொண்டுபோய் ஆண்கள் சவுனாவில் வைத்துவிட்டால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சைமி கத்தியைக் கீழே வைத்தாள். பனிச்சப்பாத்தை மாட்டிக்கொண்டாள்.

"எங்கடி போற? உள்ள அம்மணமா இருப்பாங்க!" என்று பின்னாலேயே ஓடினாள் பிரித்தா.

"இருக்கட்டும். நான் பாக்கப்போறது மூஞ்சியத்தான்."

சவுனாக் கதவை அகலத் திறந்து வாசலிலேயே நின்றாள். எங்கள் நாட்டில் ஒருவரை மூஞ்சிக்கு நேரே திட்டினால்கூட மன்னித்துவிடுவார்கள். சவுனாவின் சூட்டை வெளியே விடுகிறவரை மன்னிக்க மாட்டார்கள். வெளியிலிருந்த குளிர் புகைபோல உள்ளே புரண்டது.

"கதவச் சாத்து!" மூன்று குரல்களும் ஒன்றாகக் கத்தின. ரிக்கு தண்ணீர் வாளியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். ஹன்னு உடம்பில் தட்டிக்கொள்ள வைத்திருந்த பூர்ச்ச மர இலைக் கொத்தால் மறைத்துக்கொண்டார்.

"கூட்டம் இங்கதான்னு கேள்விப்பட்டோம். நாங்க வந்துட்டோம், ஆரம்பிங்க."

"சவுனாவுல சண்ட போடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் ஹன்னு.

"தெரியும். கம்பெனியப் பங்கு போடவும் கூடாது. அத நீங்கதான் மறந்துட்டீங்க."

"சூடு போகுது சைமி!"

"போகட்டும். சட்டுனு முடிவெடுங்க, சட்டுனு சாத்தறேன்."

மேல்பலகை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த ஒன்னி முனகினான். "நான் ஒண்ணுமே சொல்லலையே..."

"அதான் ஒன்னி, உம்மேல எனக்குக் கோபம். நாலு பேர்ல நீயும் ஒருத்தன். வாயத் தொற. வண்டியா, ஆப்பா?"

ஒன்னி ரிக்குவைப் பார்த்தான், ஹன்னுவைப் பார்த்தான். பல் கிடுகிடுத்தது.

"சரள எங்க இருக்குன்னு ஆப் சொல்லும். சொன்னா மட்டும்? வண்டி அப்பவும் சரளையில நிக்கத்தானே போவுது? வண்டிதான். என் ஓட்டு வண்டிக்கு. தயவுசெஞ்சு சாத்து!"

"என் ஓட்டும் வண்டிக்குத்தான்" என்றாள் சைமியின் தோளுக்குப் பின்னாலிருந்து பிரித்தா.

"பேசப்போறது யாரு?"

"நீதான், நீதான்! சாத்தித் தொலடி!" என்றான் ஒன்னி.

சைமி சாத்தினாள்.

திங்கட்கிழமை சைமிதான் பேசினாள். ரிக்கு வரவில்லை. "கிழவிகளுக்கு விற்கிற பொருளுக்குச் சந்தை ரொம்பச் சின்னதாயிற்றே" என்றார் ஒரு நடுவர். "அவங்க யாரையாவது நீங்க கேட்டுப் பாத்தீங்களா?" என்றாள் சைமி. அவர் யாரையும் கேட்டிருக்கவில்லை. அறையும் பட்டறையும் வேறொரு குழுவுக்குப் போயின.

படியிறங்கும்போது ஹன்னு சொன்னார்: "ரிக்கு பேசியிருந்தா கெடச்சிருக்கும்."

"கெடச்சிருக்கலாம் ஹன்னு. ஆனா அது அவனோட ஆப்புக்குக் கெடச்சிருக்கும். எனக்கு என்ன?"

பட்டறை இல்லையென்றால் என்ன, கூமோவில் அம்மாவின் லாரிக் கொட்டகை இருந்தது. ஒன்னி வரைந்தான், பிரித்தா கணக்குப் பார்த்தாள், சைமி இரும்பை வளைத்தாள். இரண்டு குளிர்காலம் சக்கரங்கள் உறைந்து மக்கர் செய்தன. மூன்றாவதில் இறங்கின. இன்று அந்த வண்டி வடக்கே பல ஊர்த் தெருக்களில் ஓடுகிறது. அம்மாவைத் திட்டுவது மட்டும் நிற்கவில்லை; இப்போது சரளை போதவில்லை என்று திட்டுகிறார்கள்.

படித்த இடத்தையும் சைமி சும்மா விடவில்லை. ஏரிக்கரை மரவீட்டில் குழு முடிவுகள் எடுக்கக் கூடாது, எல்லோரும் உட்காரக்கூடிய அறையில்தான் எடுக்க வேண்டும் என்று துறைக்கு வருடா வருடம் போய் நின்றாள். நான்காம் வருடம் ஒப்புக்கொண்டார்கள். ஹன்னு இன்னமும் அதைச் சின்ன விஷயம் என்றுதான் சொல்கிறார். சின்ன விஷயமென்றால் மூன்று வருடம் ஏன் மறுத்தார்கள்?

உங்கள் ஊரில் சவுனா இல்லாமல் இருக்கலாம். டீக்கடை இருக்கும், சிகரெட் பிடிக்கிற மொட்டைமாடி இருக்கும், உங்களைச் சேர்க்காத வாட்ஸ்அப் குழு இருக்கும். "அதெல்லாம் பேசி முடிச்சாச்சு" என்று நாளைக்கு யாராவது உங்களிடம் சொன்னால் தலையாட்டாதீர்கள். எங்கே பேசினீர்கள், யார் யார் இருந்தார்கள் என்று எல்லோர் காதிலும் விழக் கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து பேசச் சொல்லுங்கள்.