நாகூர் வண்டியும் மொக்கைச்சாமி பூட்டும்

திண்டுக்கல்லில் எதை வாங்கினாலும் முதலில் பூட்டைத்தான் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போனாலும் அந்த வீட்டுப் பீரோவின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காபித் தம்ளரைக் கையில் வாங்குவார்கள் என்று வத்தலக்குண்டுக்காரர்கள் கேலி பேசுவதுண்டு. பேசிவிட்டுப் போகட்டும், பூட்டுச் செய்யத் தெரியாதவர்களுக்கு வேறென்ன வேலை! ஆனால் இந்தப் பூட்டுப் பெருமைதான் சிலுவைமுத்துவை மலைக்கோட்டை அடிவார மைதானத்தில் நிறுத்திச் சந்தி சிரிக்க வைத்தது. அதைச் சொல்லாமல் அவனைப் பற்றிச் சொல்ல முடியாது.

சிலுவைமுத்து பஸ்ஸுக்கும் லாரிக்கும் பாடி கட்டுகிறவன். சேஸ் என்று சொல்கிற வெறும் எலும்புக்கூடு வண்டியைக் கொண்டுவந்து விட்டால் போதும். தேக்குச் சட்டம் இழைத்து, தகடு அடித்து, வர்ணம் பூசி மாப்பிள்ளை மாதிரி அனுப்பி வைப்பான். வெகுகாலம் ஒரு பஸ் முதலாளியின் ஷெட்டில் வேலை பார்த்தான். அவன் கட்டிய வண்டிகள் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடின. எல்லாவற்றிலும் முதலாளி பேர்தான் இருந்தது. தன் பேர் எழுதின ஒரு வண்டி ரோட்டில் ஓட வேண்டும் என்பது ஒன்றுதான் அவனுக்கு ஆசை. அந்த ஆசையில்தான் வேலையை உதறிவிட்டுத் திருச்சி ரோட்டில் சொந்தமாகக் கொட்டகை போட்டான். போட்ட பிறகு வந்ததெல்லாம் மாட்டு வண்டிக்குக் கூண்டு, லாரிக்குப் பக்கப் பலகை. அதிலெல்லாம் பேர் எழுதினால் மாடு கூடச் சிரிக்கும்.

வாய் மட்டும் குறையவில்லை. "நம்ம வேலயில ஒரு சொட்டுத் தண்ணி எறங்குச்சுன்னா எம்பேர மாத்திக்கிறேன்" என்பான். சும்மா சொல்வதில்லை, அதற்கு அவன் வீட்டில் ஒரு வழக்கமே உண்டு. கட்டி முடித்த வண்டிக்குள் அவன் மனைவி ரோஸ்மேரி கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையோடு போய் உட்கார வேண்டும். மேலே ஏறி ஆட்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அவள் இறங்கி வரும்போது சேலையில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் கூரையைப் பிரித்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். குடிக்கவே தண்ணீர் கிடைக்காத திண்டுக்கல்லில் இப்படிக் கூரையில் ஊற்றினால் தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? குடத்தைத் தூக்கும்போதெல்லாம் ஏச்சு விழும். அவன் காதில் வாங்க மாட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் அவனுக்கு நல்ல காலம் பிறந்தது. தோல் மண்டி கிதர் முகம்மது பாய் ராணுவத்தார் கழித்துக் கட்டிய லாரி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து கொட்டகை முன்னால் நிறுத்தினார்.

"மேஸ்திரி, இது மேல எனக்கு ஒரு வீடு கட்டணும்."

"லாரி மேல வீடா பாய்?"

"ஆமாய்யா. நாகூர் தர்கா கந்தூரிக்குக் குடும்பத்தோட போகணும். பொம்பளைக பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா எறங்கி ஏறிச் சீரழியக் கூடாது. உள்ளயே ஆக்கணும், உள்ளயே திங்கணும், உள்ளயே படுத்து எந்திரிக்கணும். அப்புறம் வெயில் காலத்துக்குக் கொடைக்கானல், நெனச்சா ஏர்வாடி. உன்னால ஆகுமா, இல்ல மதுரைக்குக் கொண்டு போகவா?"

மதுரை என்று சொன்னதுதான் தாமதம், சிலுவைமுத்துவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "வண்டிய விட்டுட்டுப் போங்க பாய். பொறத்தால எம்பேர் எழுதிக்கிற மட்டும் ஒத்துக்குங்க" என்றான். கிதர் முகம்மது சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. பாயின் மனைவி குர்ஷித் பேகம் என்னென்ன வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மடக்கினால் பெஞ்சு, விரித்தால் கட்டில். மண்ணெண்ணெய் அடுப்பு வைக்கத் தகடு அடித்த மேடை. உள்ளே இருந்து பார்த்தால் ஊரெல்லாம் தெரியவேண்டும், வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியக்கூடாது, அப்படிப்பட்ட ஜன்னல் பலகைகள். எல்லாம் செய்தான். ஜன்னலுக்குக் கம்பி வேறு நெருக்கமாகப் போட்டான். டிரைவர் உட்காரும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர் வைத்தான். பின்னால் ஒரே ஒரு கதவு, அதற்குப் பூட்டு நாகல் நகர் மொக்கைச்சாமியிடம் சொல்லிச் செய்தது.

மொக்கைச்சாமி அவனுக்கு வாலிபத்துக் கூட்டாளி, பூட்டில் கெட்டிக்காரன். அவன் செய்த பூட்டில் வேறு சாவியைப் போட்டால் கடித்துப் பிடித்துக்கொள்ளும். திரும்பவும் திரும்பாது, வெளியேயும் வராது. அதை விடுவிக்க ஒரு தனிச் சாவி உண்டு. அது மொக்கைச்சாமியின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். "ஏலே சிலுவ, கள்ளன் கைய வச்சான்னா சாவிய விட்டுட்டு ஓட வேண்டியதுதான்" என்று சொல்லி, கதவின் வெளிப்பக்கம் பூட்டை அவனே மாட்டிவிட்டுப் போனான். ஊரே வந்து பார்த்தது. வண்டியை யாராவது பார்த்தார்களா? பூட்டைத்தான் பார்த்தார்கள்.

தண்ணீர்ச் சோதனை நடந்தது. ரோஸ்மேரி வெள்ளைச் சேலையோடு உள்ளே போனாள். சிலுவைமுத்து பூட்டைப் பூட்டினான், ஆட்கள் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றி முடிந்ததும் வேலை முடிந்த சந்தோஷத்தில் அவன் சாவியை மடியில் சொருகிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தபோது கதவு உள்ளே இருந்து தடதடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. திறந்தால், சேலையில் ஒரு துளி ஈரம் இல்லை. ஆனால் முகமெல்லாம் வேர்த்துக் கொட்டி, பத்ரகாளி மாதிரி நின்றாள் ரோஸ்மேரி.

"எம்புட்டு நேரமாத் தட்டுறேன்! உள்ள ஒரு மனுசி கெடக்குறாளேன்னு நெனப்பு வேணாம்?"

"பாத்தியா புள்ள, அம்புட்டுத் தட்டு தட்டியும் கதவு அசஞ்சுச்சா?" என்றான் அந்தப் புண்ணியவான். அவள் அன்றைக்கு அவனோடு பேசவில்லை. அதுவும் அவனுக்கு உறைக்கவில்லை.

இனி பாக்கி இருந்தது எப்.சி. மட்டும்தான். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுக்கிற சான்று அது. அது இல்லாமல் வண்டி நகரக் கூடாது. மதுரையிலிருந்து இன்ஸ்பெக்டர் கேம்ப் வருகிற நாளில் சிலுவைமுத்து வண்டியைத் துடைத்து மைதானத்தில் நிறுத்தினான். பின்கதவில் 'சிலுவைமுத்து பாடி ஒர்க்ஸ், திண்டுக்கல்' என்று மஞ்சள் எழுத்து மினுமினுத்தது. கிதர் முகம்மது பாயும் அவருடைய டிரைவர் மீரானும் வந்திருந்தார்கள். ரோஸ்மேரியும் வந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார், லைட்டைப் போடச் சொன்னார், சக்கரத்தடியில் குனிந்து பார்த்தார். பிறகு வீட்டுக்குள் ஏறிக்கொண்டு, "கதவைச் சாத்துய்யா" என்றார்.

சாத்து என்றால் சாத்த வேண்டியதுதானே? இவன் பெருமையாகப் பூட்டையும் அமுக்கிப் பூட்டிவிட்டான்.

உள்ளே இருந்து குரல் வந்தது. "சரி, இப்ப நான் எப்படி வெளிய வர்றது?"

"தட்டுங்க சார், தொறந்து விடுறேன்."

"நீ இல்லேன்னா?"

"டிரைவர் இருப்பாரு சார். சாவி அவர் மடியில இருக்கும்."

"டிரைவருக்கே அடிபட்டுப் போச்சுன்னா?"

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிலுவைமுத்து அவசரமாக மடியிலிருந்து சாவியை எடுத்துப் போட்டுத் திருகினான். திரும்பவில்லை. அது கொட்டகைச் சாவி! அதையும் மொக்கைச்சாமிதான் செய்தான், பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பூட்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. கடித்த சாவியை விடவே இல்லை.

"மொக்கச்சாமியக் கூட்டியாங்கடா!" என்று அலறினான். ஓடிப் போனவர்கள் ஓடி வந்து, மொக்கைச்சாமி ஆடு வாங்க அய்யலூர் சந்தைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அரைஞாண் கயிறும் கூடவே போயிருக்கிறது. மீரான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அய்யலூருக்குப் பறந்தார். கதவை உடைக்கலாம் என்றால் அது சிலுவைமுத்து இழைத்த தேக்கு, கடப்பாரைக்கும் அசையாது. ஜன்னலிலோ கம்பி. மத்தியான வெயிலில் அரசாங்க அதிகாரியைப் பூட்டி வைத்துவிட்டு ஊர் முழுக்கச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. கடலை விற்கிறவன் கூட வந்துவிட்டான்.

ரோஸ்மேரிதான் ஜன்னல் பலகையை நிமிர்த்தி, கம்பி வழியாக மோர்த் தம்ளரை நீட்டினாள். "உள்ள எப்புடி வேகும்னு எனக்குத் தெரியும் சார். நானும் கெடந்திருக்கேன்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. கிடைத்த நேரத்தில் உள்ளே இருந்த ஒவ்வொரு ஆணியையும் பார்த்தார், கட்டிலை மடக்கி விரித்தார், கடைசியில் அதிலேயே படுத்துக்கொண்டார். பொழுது சாயும் நேரத்தில் மொக்கைச்சாமி ஒரு கையில் ஆட்டுக் கயிறும் மறு கையில் அரைஞாண் கயிறுமாக வந்து திறந்துவிட்டபோது அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"வேலை சுத்தமான வேலைய்யா. ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். சிலுவைமுத்துவுக்கு உயிர் வந்தது. "ஆனா எப்.சி. தர மாட்டேன். நீ கட்டியிருக்கிறது பணப்பெட்டி. இதுல மனுசங்க போகப் போறாங்க. உள்ளேருந்து திறக்கிற மாதிரி பக்கத்துல இன்னொரு கதவு வை. இந்தப் பூட்டை எடு. அடுத்த கேம்ப்புக்குக் கொண்டு வா." ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த கேம்ப் கந்தூரிக்குச் சற்று முன்னால்தான். கிதர் முகம்மது பாய் ஒன்றும் ஏசவில்லை. "பாத்துச் செய்யி மேஸ்திரி" என்று மட்டும் சொன்னார். அதுதான் சிலுவைமுத்துவுக்குத் தாங்கவில்லை. அவன் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, பின்கதவில் இருந்த தன் பேரைத் தானே துடைத்தான். மஞ்சள் வர்ணம் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஆசை ஆசையாக எழுதின பேர். அவன் அழுதான் என்பதை மறைப்பானேன், அழத்தான் செய்தான்.

மறுநாள் ரம்பத்தை எடுத்து, அத்தனை பாடுபட்டு இழைத்த தேக்குச் சுவரைத் தன் கையாலேயே அறுத்தான். கதவுக்குச் சட்டம் கட்டும்போதுதான் அவனுக்கு யோசனை வந்தது. வண்டி சாய்ந்தால் சட்டம் கோணும். சட்டம் கோணினால் கதவு சிக்கும். சிக்கினால் கதவு இருந்தும் என்ன பிரயோசனம்? மூலைக்கு மூலை இரும்புப் பட்டை கொடுத்தான். உள்பக்கம் குழந்தை கூடத் தள்ளித் திறக்கிற மாதிரி ஒரே ஒரு நெம்புகோல் வைத்தான். பின்கதவுப் பூட்டைக் கழற்றிவிட்டு அதற்கும் உள்பக்கம் ஒரு தாழ் போட்டான். அடுத்த கேம்ப்பில் இன்ஸ்பெக்டர் ஏறினார், சாத்தினார், தள்ளினார், இறங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "பேர் எழுதலையா?" என்று கேட்டார். சிலுவைமுத்து துணியை எடுத்துக்கொண்டு முன்கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

வண்டி நாகூருக்குப் போனது.

திரும்பி வந்தபோது நேரே கொட்டகைக்கு வந்தது. ஒரு பக்கமெல்லாம் சேறு, பின்னால் தகடு நசுங்கியிருந்தது. மீரான் நெற்றியில் கட்டுப் போட்டிருந்தார். பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு குர்ஷித் பேகம் இறங்கினார். சிலுவைமுத்து உளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"பாயம்மா, என்ன ஆச்சு?"

"போகும்போது தஞ்சாவூருக்கு இந்தப் பக்கம் நல்ல மழைண்ணே. எரும குறுக்க வந்துருச்சு. மீரான் வண்டிய ஒடிச்சாரு, வண்டி வழுக்கி வாய்க்கால்ல போய்ப் பின்பக்கமாச் செருகிக்கிருச்சு. பொறத்தால கதவ இம்புட்டுக் கூடத் தொறக்க முடியல, கரையில முட்டி நிக்கிது. மீரானுக்கு ஸ்டியரிங்ல அடிபட்டு மயக்கம். கூப்புட்டாலும் காது கேக்கல. புள்ளைகளோட அத்தா முந்துன நாளே நாகூர் போய்ட்டாக. நானும் புள்ளைகளும் மட்டுந்தேன். அடுப்பு வேற எரியிது."

சிலுவைமுத்து அப்படியே மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். பூட்டும், மீரான் மடியில் சாவியும், தடதடவென்று அதிர்ந்த கதவும் ஒன்றாக அவன் கண் முன்னால் வந்தன. "புள்ளைக?" என்று கேட்டான்.

"ஒரு கீறல் இல்ல. அடுப்ப அணைச்சுட்டு இந்தக் கதவத் தள்ளுனேன். வண்டி அம்புட்டுச் சாஞ்சு கெடக்கு, கதவு சிக்கவே இல்லையே! ஒத்தத் தள்ளுல தொறந்துக்கிருச்சு. கறிச்சட்டிதான் கவுந்து போச்சு, அதச் சொல்லித்தான் புள்ளைக அழுதுச்சுக." குர்ஷித் பேகம் சிரித்தார். "கேக்கணும்னு இருந்தேன். வண்டி பூராத் தேடிட்டேன், செஞ்ச ஆளு பேரக் காணோமே?"

"அது நானா நெனச்சுச் செஞ்ச கதவு இல்ல பாயம்மா. இன்ஸ்பெக்டர் சொல்லிச் செஞ்சேன்."

"சொன்னது அவரு. சிக்காமச் செஞ்சது யாரு? எழுதுங்கண்ணே. வெளிய வேணாம். உள்ள எழுதுங்க, நாங்க பாக்குற எடத்துல."

அன்றைக்கே எழுதினான். பக்கத்துக் கதவுக்கு மேலே, உள்பக்கம், அதே மஞ்சள் வர்ணத்தில். எழுத்துக் கொஞ்சம் கோணல்தான். ரோஸ்மேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

"அன்னைக்கு நான் தட்டுனப்பவே காது குடுத்திருந்தீகன்னா, அந்த இன்ஸ்பெக்டர் வெந்திருக்க வேணாம்" என்றாள்.

"அதுக்கு இப்ப என்னங்கிற?"

"ஒண்ணுங்கல. எறங்குங்க."

அவன் இறங்கினான். அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பழக்க தோஷத்தில் சிலுவைமுத்து வெளியிலிருந்து திறந்துவிடக் கையைக் கொண்டுபோனான்.

"கைய எடுங்க!" என்று உள்ளே இருந்து அதட்டல் வந்தது. ஒரே தள்ளில் கதவைத் திறந்துகொண்டு அவளே இறங்கினாள்.